கோபம் எந்தச் சொல்லில் இருக்கிறது?

கட்டுரைகளைச் செப்பனிடும் வேலைக்கு வந்த புதிதில், ஒரு கட்டுரையின் ஓரத்தில் ‘உணர்ச்சிகரமான நடை’ என்று பென்சிலால் எழுதி மூத்த ஆசிரியரிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுத் தாளை என் பக்கமே திருப்பி வைத்தார். “என்ன உணர்ச்சிம்மா? யார் மேல? எந்தச் சொல்லுல இருக்கு? விரல் வச்சுக் காட்டு” என்றார். மேலும் கீழும் தேடினேன். விரல் வைக்க இடம் கிடைக்கவில்லை. படிக்கும்போது தொண்டை அடைத்தது உண்மை. எது அடைத்தது என்றுதான் தெரியவில்லை.

அந்த மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டுதான் 22 வருடமாக வேலை செய்கிறேன். தலையங்கம், வாழ்க்கை வரலாறு, பயணக் கட்டுரை, நிதி கேட்டு எழுதும் கடிதம், அறிவியல் கட்டுரை என்று எதை எடுத்தாலும் அவை உதவுகின்றன. கதையிலும் கவிதையிலும் உணர்ச்சியைத் தேடுவது நமக்குப் பழக்கம். கட்டுரை என்றால் ‘தகவல்தானே’ என்று கவனத்தைத் தளர்த்திவிடுகிறோம். எழுதியவரின் மனப்பாங்கு அந்த நேரம் பார்த்துத்தான் சத்தமில்லாமல் உள்ளே வருகிறது. அதைக் கண்டுபிடிக்க நான் என்ன செய்கிறேன் என்பதைச் சொல்கிறேன்.

முதல் வாசிப்பில் பென்சிலைத் தொடாதீர்கள். சாதாரண வாசகராகவே கடைசிவரை படியுங்கள். எந்த இடத்தில் முகம் சுருங்கியது, எங்கே மூச்சு நின்றது, எங்கே பக்கத்தைப் புரட்ட அவசரப்பட்டீர்கள் என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள். தொல்காப்பியம் உணர்ச்சிகளுக்கு ‘மெய்ப்பாடு’ என்று பெயர் வைத்தது சும்மா இல்லை. மனத்தில் நடப்பது மெய்யில், அதாவது உடம்பில் தெரிகிறது. உங்கள் உடம்புதான் முதல் சாட்சி. அப்புறம்தான் ஆராய்ச்சி.

அடுத்து, அந்த உணர்ச்சிக்குப் பெயர் வைக்க வேண்டும். பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான். எல்லாமே ‘சோகம்’, ‘கோபம்’, ‘உருக்கம்’ என்ற மூன்று டப்பாக்களுக்குள் போய்விடும். தொல்காப்பியம் மெய்ப்பாடுகளை எட்டாகப் பிரிக்கிறது: நகை (சிரிப்பு), அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை (மகிழ்ச்சி). இந்த எட்டைவிட எனக்குப் பயன்பட்டது, ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்று அது தரும் நான்கு நான்கு காரணங்கள். அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்ந்ததால் வரும் அழுகை வேறு, இழந்ததால் வரும் அழுகை வேறு, இருந்த நிலை தளர்ந்து போனதால் வருவது வேறு, இல்லாமையால் வருவது வேறு. ஒரு கட்டுரை உங்களை அழவைத்தால் இந்த நான்கில் எது என்று கேட்டுப் பாருங்கள். வேலை இழந்த ஒருவரைப் பற்றிய கட்டுரையில் நாம் வருமானம் போனதற்காக வருந்துகிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம். கூர்ந்து பார்த்தால், காவலாளி அவரைப் பெயர் கேட்டு வாசலிலேயே நிறுத்திய வரியில்தான் மனம் கலங்கியிருக்கும். அது வறுமை இல்லை, இளிவு. பெயர் சரியாக விழுந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அரிஸ்டாட்டில் பேச்சுக்கலையைப் பற்றி எழுதும்போது உணர்ச்சிகளை இதே போலப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறார். கோபம் என்றால், எந்த மனநிலையில் இருப்பவருக்கு வருகிறது, யார்மேல் வருகிறது, எதற்காக வருகிறது என்ற மூன்றும் தெரிய வேண்டும். ஒன்று இல்லாவிட்டாலும் கேட்பவரிடம் கோபத்தை எழுப்ப முடியாது என்பது அவர் வாதம். எங்கள் மூத்த ஆசிரியர் அரிஸ்டாட்டிலைப் படித்திருந்தாரா என்று நான் கேட்டதில்லை. ஆனால் ‘யார் மேல?’ என்ற கேள்வியை அவர் ஒருநாளும் விட்டதில்லை.

சரி, பெயர் வைத்தாயிற்று. அது யாருடைய உணர்ச்சி? ஒரு கட்டுரைக்குள் குறைந்தது மூன்று பேர் இருக்கிறார்கள்: எழுதப்படுகிறவர், எழுதுகிறவர், படிக்கிறவர். மூவருக்கும் ஒரே உணர்ச்சி இருக்க வேண்டியதில்லை. இந்த இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள்.

‘அவர் மூன்றாவது முறையும் கதவைத் தட்டினார். உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.’

தட்டியவர் பதற்றத்தில் இருக்கிறார். எழுதியவர் குரலை உயர்த்தவே இல்லை. படிக்கிற நமக்குத்தான் உள்ளே இருப்பவர்மேல் கோபம் வருகிறது. கோபம் என்ற சொல் எங்கேயும் கிடையாது. விரல் வைக்க வேண்டிய இடங்கள் இரண்டு: ‘மூன்றாவது முறையும்’ என்பதில் உள்ள ‘உம்’, அப்புறம் அந்த விளக்கு. ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற ஆங்கிலத் திறனாய்வாளர் 1929-இல் பொருள், உணர்வு, தொனி, நோக்கம் என்று நான்காகப் பிரித்தது இந்த இடத்தில் கைகொடுக்கும். எழுதுகிற விஷயத்தின்மேல் எழுத்தாளருக்கு இருப்பது உணர்வு. வாசகர்மேல் அவருக்கு இருக்கும் பாவனை தொனி. ஒரே கட்டுரையில் விஷயத்தின்மேல் கடும் கோபமும் வாசகரிடம் மிகுந்த கனிவும் இருக்கலாம். இரண்டையும் கலந்து ‘கோபமான தொனி’ என்று எழுதிவிடுவது நான் அதிகம் திருத்தும் தவறு.

இனி பென்சிலை எடுக்கலாம். எங்கே தேடுவது?

பலரும் பெயரடைகளைத் தேடுவார்கள்: ‘கொடூரமான’, ‘மகத்தான’, ‘வேதனையான’. அவை தாமாகவே கண்ணில் படும், தேட வேண்டியதில்லை. தமிழில் மனப்பாங்கு அதிகமாக ஒளிந்திருப்பது வினைமுற்றின் வாலில். எழுதினார் என்பது தகவல். எழுதிக் குவித்தார் என்றால் வியப்பு ஏறிவிட்டது. எழுதித் தள்ளினார் என்றால் அளவைப் பார்த்து மலைப்பு, தரத்தைப் பற்றி லேசான ஐயம். எழுதித் தொலைத்தார் என்றால் எரிச்சல். எழுதி வைத்தார் என்றால் பின்னால் யாருக்கோ உதவும் என்ற மரியாதை. வினை ஒன்றுதான். துணைவினை மாற மாற எழுதுகிறவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது தெரிந்துவிடுகிறது.

செய்தவர் யார் என்பதை வினை எப்படிக் காட்டுகிறது, எப்படி மறைக்கிறது என்பதையும் பாருங்கள். சுவர் இடிந்தது என்றால் யார்மேலும் குற்றமில்லை. இடிக்கப்பட்டது என்றால் செயல் இருக்கிறது, ஆளைக் காணோம். இடித்தார்கள் என்றால் ஆள் வந்துவிட்டார். இடித்துத் தள்ளினார்கள் என்றால் ஆளும் வந்தார், அவர்மேல் கசப்பும் வந்துவிட்டது. ஒரு கட்டுரையில் ஒரு தரப்பின் செயல்களுக்கெல்லாம் ‘பட்டது’ என்றும், மறு தரப்பின் செயல்களுக்கு ‘ஆர்கள்’ என்றும் வந்தால், அதை ஒரு தாளில் இரண்டு பட்டியலாக எழுதிப் பாருங்கள். பட்டியல் போட்ட உடனே சாய்வு தெரியும்.

பிறர் பேச்சை எடுத்துச் சொல்லும் வினைகளும் அப்படித்தான். சொன்னார், விளக்கினார், ஒப்புக்கொண்டார், மழுப்பினார், சமாளித்தார், என்று சொல்லிக்கொள்கிறார். ‘ஒப்புக்கொண்டார்’ என்று எழுதிய கணமே அவர் அதுவரை எதையோ மறைத்தார் என்று ஆகிவிடுகிறது. ‘உடல்நிலை சரியில்லையாம்’ என்பதில் அந்த ‘ஆம்’ ஒன்றே போதும், நம்பிக்கை போய்விடும். வெறும், மட்டும், கூட, தான், ஆவது ஆகியவற்றைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். ‘20 பேர் வந்தார்கள்’, ‘20 பேர்தான் வந்தார்கள்’, ‘20 பேராவது வந்தார்கள்’ மூன்றிலும் எண் ஒன்றே. ஏமாற்றமும் ஆறுதலும் ஒட்டுகளில்தான் இருக்கின்றன.

நாம், நாங்கள் என்ற வித்தியாசம் நம் மொழிக்குக் கிடைத்த அருமையான கருவி. ‘நாங்கள்’ என்றால் வாசகர் வெளியே நிற்கிறார், சாட்சியாக. ‘நாம்’ என்றால் உள்ளே இழுத்துவிடுகிறார்கள், கூட்டாளியாக. சில நேரம் குற்றவாளியாகவும். நிதி கேட்கும் கடிதங்களில் முதல் பக்கம் முழுக்க ‘நாங்கள்’ வந்து, கடைசிப் பத்தியில் ‘நாம்’ நுழைவதைக் கவனியுங்கள். உணர்ச்சியின் வேண்டுகோள் பெரும்பாலும் அந்த வரியில்தான் இருக்கும்.

ஒரு சொல் மனப்பாங்கைச் சுமக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வந்தால், அதை எடுத்துவிட்டு நிறம் குறைந்த சொல்லை வைத்துப் பாருங்கள். ‘கும்பல்’ இருந்த இடத்தில் ‘கூடியிருந்தவர்கள்’. எது காணாமல் போகிறதோ அதுதான் எழுத்தாளர் வைத்தது. பெர்ட்ரண்ட் ரசல் என்ற தத்துவ அறிஞர் 1948-இல் பிபிசி வானொலியில் இதை வேடிக்கையாக, நான், நீ, அவன் என்று மாறும் ஒரு வினைத்திரிபு போலச் சொன்னார்: நான் உறுதியானவன், நீ பிடிவாதக்காரன், அவன் வறட்டுப் பிடிவாதம் பிடிக்கும் முட்டாள். குணம் ஒன்று, தூரம்தான் வேறு. கட்டுரையில் ஒருவருக்கு வழங்கப்படும் சொல் இந்த மூன்றில் எந்த வரிசையைச் சேர்ந்தது என்று கேட்டால், எழுதுகிறவர் அவரிடமிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்பது புலப்படும்.

எண்களுக்கும் நிறம் உண்டு. ஆமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானெமன் என்ற உளவியலாளர்கள் 1981-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று பலருக்கும் தெரிந்திருக்கும். 600 பேரைக் கொல்லக்கூடிய நோய்க்கு இரண்டு திட்டங்கள். உறுதியான பலன் தரும் திட்டத்தை ‘200 பேர் பிழைப்பார்கள்’ என்று சொன்னபோது 72 சதவீதம் பேர் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். அதையே வேறு குழுவிடம் ‘400 பேர் இறப்பார்கள்’ என்று சொன்னபோது 22 சதவீதம் பேர்தான் தேர்ந்தெடுத்தார்கள். அதனால் கட்டுரையில் ஒரு எண்ணைப் பார்த்தால் அதன் மறுபாதியை ஓரத்தில் எழுதிப் படியுங்கள். ‘பத்தில் மூன்று பேர் தேறவில்லை’ என்றால் ‘ஏழு பேர் தேறினார்கள்’ என்று எழுதுங்கள். எழுத்தாளர் ஏன் அந்தப் பாதியைத் தேர்ந்தெடுத்தார் என்பது உங்களுக்குக் கிடைக்கும்.

‘ஆனால்’ வரும் வாக்கியங்களில் பின்பாதியை நம்புங்கள். ‘மருந்து விலை குறைந்தது, ஆனால் எங்கும் கிடைப்பதில்லை.’ ‘மருந்து எங்கும் கிடைப்பதில்லை, ஆனால் விலை குறைந்திருக்கிறது.’ எழுதியவரின் மனம் கடைசியில் நிற்கும் பாதியில் இருக்கிறது.

இப்போது ஒரு பத்தியைக் கிட்டே வைத்துப் பார்ப்போம். பயிற்சிக்காக நானே எழுதியது.

‘அந்த நூலகத்தை மூடிவிட்டார்கள். ஒரு நாளைக்கு வெறும் 40 பேர்தான் வருகிறார்கள் என்று அதிகாரிகள் காரணம் சொல்கிறார்கள். அந்த 40 பேரில் ஒருவர் தினமும் 9 மணிக்கே வந்து படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார். மூக்குக் கண்ணாடியின் ஒரு பக்கம் உடைந்து நூலால் கட்டியிருக்கும். மூடிய மறுநாளும் அவர் வந்தார். பூட்டைத் தொட்டுப் பார்த்தார். இன்னும் எதையெல்லாம் நாம் இப்படிப் பூட்டி வைக்கப் போகிறோம்?’

‘மூடிவிட்டார்கள்’ என்பதில் ‘விடு’ வந்து, இனி மாற்ற முடியாது என்ற இழவை முதல் வரியிலேயே வைத்துவிடுகிறது. அடுத்த வாக்கியத்தில் ‘வெறும்’, ‘தான்’ இரண்டும் சேர்ந்து வருகின்றன. இவை யாருடைய சொற்கள்? அதிகாரிகள் ‘40 பேர் வருகிறார்கள்’ என்று மட்டுமே சொல்லியிருக்கலாம். அலட்சியத்தை அவர்கள் வாயில் வைத்தது எழுத்தாளர். ‘காரணம் சொல்கிறார்கள்’ என்பதும் அப்படியே. நம் பேச்சில் ‘காரணம் சொல்லாதே’ என்றால் சாக்குச் சொல்லாதே என்று பொருள். ‘விளக்கமளித்தார்கள்’ என்று மாற்றிப் படியுங்கள், கோபம் போய்விடும். ஆக, கோபத்துக்கு விரல் வைக்கும் இடம் இந்த ஒரு வாக்கியம். அதுவும் அடக்கி வைத்த கோபம்.

அப்புறம் எண்ணிலிருந்து ஆளுக்கு இறங்குகிறது பத்தி. தாமஸ் ஷெல்லிங் என்ற பொருளாதார அறிஞர் 1968-லேயே இதைச் சுட்டிக் காட்டினார்: முகம் தெரிந்த ஒரு உயிருக்காக நாம் வாரிக் கொடுப்போம், புள்ளிவிவரத்தில் இருக்கும் உயிர்களுக்காக அப்படிக் கை நீளாது. இந்தப் பத்தி 40 என்ற எண்ணை அதிகாரிகளிடமிருந்து வாங்கி, அதற்குள்ளிருந்தே ஒரு முகத்தை எடுக்கிறது. ‘9 மணிக்கே’ என்பதில் உள்ள ‘ஏ’ அவருடைய ஆவல். நூல் கட்டிய கண்ணாடி வறுமை. ஏழை என்ற சொல் இல்லை. ‘தொட்டுப் பார்த்தார்’ என்பதுதான் பத்தியின் உயிர். ‘பூட்டைப் பார்த்தார்’ என்றால் அது தகவலோடு நின்றுவிடும். தொட்டுப் பார்ப்பது, காய்ச்சலில் கிடப்பவரின் நெற்றியில் நாம் செய்வது. அவர் அழுதார் என்று எழுதவில்லை, அதனால்தான் நமக்குக் கலங்குகிறது.

இன்னொன்று. இதைப் படித்த பலருக்கு அவர் முதியவர் என்றே பதிந்திருக்கும். வயது எங்கேயும் சொல்லப்படவில்லை. திரும்பப் போய்ப் பாருங்கள். கண்ணாடியையும் படிக்கட்டையும் வைத்து நாமே வயதைக் கூட்டிக்கொண்டோம். எழுத்தாளர் சொன்னது எது, நாம் போட்டுக்கொண்டது எது என்று பிரிக்காமல் ஆராய்ச்சி எழுதினால் இல்லாததற்கு விரல் வைப்போம்.

கடைசி வரியில் ‘நாம்’. அதுவரை குற்றம் ‘அவர்கள்’ மேல் இருந்தது. ஒரே வரியில் அது நம் மடிக்கு வந்துவிட்டது. இரக்கம் குற்றவுணர்வாக மாறுகிறது. என்னைக் கேட்டால் இந்த வரி வேண்டாம். பூட்டைத் தொட்ட இடத்தில் வாசகர் தானாகவே வந்து சேர்ந்துவிட்டார். அதற்குமேல் கையைப் பிடித்து இழுத்தால் உதறத் தோன்றும்.

பத்தியில் இல்லாதவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் வேறு நூலகம் உண்டா, கட்டடம் உறுதியாக இருந்ததா, முன்பு எத்தனை பேர் வந்தார்கள்? இவை இல்லாததால் பத்தி பொய் ஆகாது. ஆனால் உணர்ச்சி எந்தக் கேள்விகளை மறக்கச் செய்தது என்பதும் ஆராய்ச்சியின் பகுதி.

நீளமான கட்டுரையில் மனப்பாங்கு ஒரே மாதிரி இருக்காது. திரும்பும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். ‘அன்று’, ‘இருந்தும்’, ‘இப்போது யோசித்தால்’ போன்ற சொற்களுக்கு அருகிலும், நீண்ட வாக்கியங்களுக்கு நடுவில் திடீரென்று இரண்டு சொல் வாக்கியம் வரும் இடத்திலும் அது பெரும்பாலும் இருக்கும். வாய்விட்டுப் படித்தால் குரல் தானே தாழும்.

அடுத்தது நியாயம். உணர்ச்சியைத் தூண்டினால் ஏமாற்று வேலை என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நூறு பேர் இறந்ததை ‘உயிரிழப்புகள் பதிவாயின’ என்று எழுதுவதும் ஒரு மனப்பாங்குதான், அது நடுநிலை ஆகிவிடாது. நான் பார்ப்பது இதைத்தான்: உணர்ச்சி எதன்மேல் நிற்கிறது? ஒரு முறை, கடிகாரம் பழுது பார்ப்பவர் ஒருவரின் மறைவைப் பற்றிய கட்டுரை என்னிடம் வந்தது. ‘சொல்லி மாளாத துயரம்’, ‘கல் நெஞ்சும் கரையும்’ இரண்டையும் அடித்தேன். மிச்சம் இருந்தது, அவர் மேசையில் பாதி பிரித்த கடிகாரமும், திரும்பப் பூட்டும்போது வரிசை மாறக் கூடாது என்று ஒரு மூடியில் அவர் வரிசையாக அடுக்கி வைத்திருந்த திருகாணிகளும். எழுதியவருக்கு முதலில் வருத்தம்தான். துயரம் குறையவில்லை என்று அந்தத் திருகாணிகளைக் காட்டிச் சொன்னேன். எடுத்துவிட்டால் கீழே ஒன்றுமே மிஞ்சாத கட்டுரைகளும் வரும். உருக்கமான சொற்களை அடித்துப் பார்த்தால் எந்த வகை என்று தெரிந்துவிடும்.

எழுத உட்காரும்போது நான்கு விஷயங்கள் ஒரே மூச்சில் வரட்டும்: எழுத்தாளருக்கு யார்மேல் அல்லது எதன்மேல் என்ன உணர்ச்சி, எந்தச் சொற்களில், வாசகரிடம் என்ன கேட்கிறார், அது பொருந்துகிறதா. ‘எழுத்தாளர் சோகமான தொனியில் எழுதி வாசகர் மனத்தைத் தொடுகிறார்’ என்ற வாக்கியம் உலகத்தில் உள்ள பாதிக் கட்டுரைகளுக்குப் பொருந்தும், அதனால் எதற்கும் உதவாது. இப்படி எழுதிப் பாருங்கள்: ‘நூலகத்தை மூடியவர்கள்மேல் எழுத்தாளருக்கு உள்ள கோபம், “காரணம் சொல்கிறார்கள்” என்பதில் மட்டும் எட்டிப் பார்க்கிறது. வாசகரிடம் அவர் அந்தக் கோபத்தைக் கேட்கவில்லை, பூட்டைத் தொட்ட மனிதர்மேல் இரக்கத்தைக் கேட்கிறார். கடைசியில் வரும் “நாம்” அந்த இரக்கத்தைக் குற்றவுணர்வாக மாற்ற முயல்கிறது. அதற்குத் தேவையான ஆதாரம் பத்தியில் இல்லை.’

பயிற்சியை உங்களுக்குப் பிடிக்காதவர் எழுதியதிலிருந்து தொடங்காதீர்கள். அங்கே தந்திரங்கள் எல்லாம் பளிச்சென்று தெரியும், கண்ணுக்கு வேலையே இருக்காது. நீங்கள் முழுக்க உடன்படும் ஒரு கட்டுரையை, படித்து முடித்து ‘ஆமாம், ஆமாம்’ என்று தலையாட்டிய ஒன்றை எடுங்கள். அதில் ‘தான்’, ‘வெறும்’, ‘நாம்’ எல்லாவற்றையும் வட்டமிடுங்கள். எண்களின் மறுபாதியை ஓரத்தில் எழுதுங்கள். தலையாட்ட வைத்த சொற்கள் குறைந்தது மூன்று கிடைத்த பிறகு, அதே பென்சிலோடு எதிர்த் தரப்புக் கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள்.